ஆறு மாதம் நோயாளியின் குற்றமா?

ஆசிரியருக்கு,

காசநோய்க்கான புதிய மருந்து ஆராய்ச்சி பற்றி உங்கள் இதழில் வந்த கட்டுரை நன்றாகவே இருந்தது. ஆனால், நோயாளிகள் ஆறு மாத மருந்தைப் பாதியில் நிறுத்திவிடுகிறார்கள் என்ற பழைய பல்லவியை அதிலும் பாடியிருக்க வேண்டாம்.

செட்டிநாட்டுப் பகுதியில் மருந்தாளுநராக இருந்து ஓய்வு பெற்றவன் நான். ஆத்தங்குடிக் கல் பட்டறைத் தொழிலாளி ஒருவருக்கு இரண்டாம் மாதமே இருமல் நின்றது, சோறு இறங்கியது. காசநோய் மாத்திரைகளில் ஒன்றான ரிஃபாம்பிசின் சாப்பிட்டால் சிறுநீர் செம்மஞ்சளாகப் போகும். பட்டறையில் யாராவது பார்த்து விஷயம் தெரிந்துவிடுமோ என்று அஞ்சி, வேலை நாட்களில் மாத்திரையைத் தொடமாட்டார். இவரைச் சோம்பேறி என்று எப்படிச் சொல்வது?

குறை மருந்தில் இருக்கிறது. இன்னொரு காசநோய் மருந்தான ஐசோனியாசிட், கிருமி தன் சுவரைக் கட்டும்போதுதான் அதைத் தாக்கும். வளர்ச்சியை நிறுத்திப் பதுங்கிக் கிடக்கும் கிருமியை அது அண்டுவதில்லை. மிச்சமிருக்கும் அந்தச் சிலவற்றுக்காகத்தான் மாதக்கணக்கில் மாத்திரை. பைராசினமைடு அவற்றில் ஒரு பகுதியைக் கொல்வதால்தான் ஒன்பது மாதச் சிகிச்சை ஆறாகச் சுருங்கியது. 2012-இல் அமெரிக்காவில் அனுமதி பெற்ற பெடாகுயிலின் கிருமியின் ஆற்றல் உற்பத்தியையே முடக்குகிறது. உறங்கினாலும் உயிர்வாழ ஆற்றல் வேண்டுமல்லவா? இப்போதைக்கு அது பெரும்பாலும் மருந்துக்குக் கட்டுப்படாத காசநோய்க்கே தரப்படுகிறது.

இந்த ஆராய்ச்சி எளிதல்ல. பிராணவாயுவையோ உணவையோ குறைத்துக் கிருமியை உறங்கவைத்து, அதன் மேல் மருந்தைச் சோதிக்க வேண்டும். பிழைத்தவை தட்டில் முளைக்கிறதா என்று பார்க்கவே வாரக்கணக்கில் காத்திருக்க வேண்டும். கிருமி காற்றோடு வெளியேறாத பாதுகாப்புக் கூடம் வேறு தேவை. எல்லாவற்றுக்கும் பணம் வேண்டும்.

நம் மண்ணில் இது முடியாததல்ல. வீட்டிலிருந்தே சிகிச்சை பெற்றாலும், காசநோயாளிகளைத் தங்கவைத்துக் கவனிக்கும் சானடோரியத்துக்கு இணையான பலன் கிடைக்கும் என்று 1959-இல் உலகுக்குக் காட்டியது சென்னையில் நடந்த ஆய்வு. காரைக்குடியில் மின்வேதியியல் ஆய்வகம் அமைய 300 ஏக்கர் நிலமும் 15 லட்சம் ரூபாயும் தந்தவர் அழகப்பச் செட்டியார். கோயிலுக்குப் புள்ளிவரியை (மணமான குடும்பத்துக்கு இவ்வளவு என்ற வரியை) தவறாமல் செலுத்தும் ஊர்கள் இவை. கும்பாபிஷேகத்துக்குத் திரட்டுவதில் ஒரு சிறு பங்கு போதும், காசநோய் ஆய்வில் இறங்கும் உள்ளூர் மாணவர் ஓரிருவருக்கு உதவித்தொகை தரலாம். நகரத்தார் சங்கங்கள் இதை யோசிக்க வேண்டும். உங்கள் இதழும் இதை வலியுறுத்தி எழுத வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற மருந்தாளுநர்,
பள்ளத்தூர்.