செயலாளரின் ஆண்டறிக்கை: மனக்கசப்பும் மன்னிப்பும்

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களுக்கும், சங்க உறுப்பினர்களுக்கும், அவர்தம் குடும்பத்தாருக்கும் வணக்கம். வாராந்திரக் கூட்டங்கள் இவ்வாண்டு தடையின்றி நடைபெற்றன. வரவு செலவுக் கணக்கைப் பொருளாளர் தனியே சமர்ப்பிப்பதால், சென்ற பொதுக்குழு நம்மிடம் ஒப்படைத்த பணியைப் பற்றி மட்டும் இங்கே கூறுகிறேன். குடிநோயிலிருந்து மீள்பவர் தம் மனக்கசப்பை எப்படி இறக்கி வைப்பது என்பதே அப்பணி.

இடையில் மீண்டும் குடித்துவிட்டு நம்மிடம் திரும்பி வந்தவர்களைக் கேட்டபோது, பெரும்பாலோர் மதுவின் மீதிருந்த ஆசையைக் காரணமாகச் சொல்லவில்லை. யாரோ சொன்ன ஒரு சொல்லையோ, வீட்டில் நடந்த ஒரு சண்டையையோதான் சொன்னார்கள். இது நாம் புதிதாகக் கண்டறிந்தது அன்று. குடிநோயாளர் ஒருவருக்கொருவர் துணைநின்று மீள 1935இல் தோன்றிய ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ் இயக்கம், 1939இல் மீட்சிக்கான தன் பன்னிரு படிகளை அச்சிட்டபோதே, குடிநோயாளரை அழிப்பவற்றுள் மனக்கசப்புக்கு முதலிடம் கொடுத்தது. மீண்டும் குடிக்கத் தூண்டும் சூழல்களை ஆராய்ந்த உளவியலாளர் ஆலன் மார்லட்டும், கோபம் போன்ற உணர்ச்சிகளையும் உறவுப் பிணக்குகளையும் முக்கியக் காரணங்களாகக் காட்டினார்.

எனவே அப்படிகளுள், நம்மை நாமே ஆராய்ந்து எழுதும் நான்காம் படியை இவ்வாண்டு நிதானமாகச் செய்தோம். யார் மீது கசப்பு, அவர் செய்தது என்ன, அதனால் நம்மில் எது அடிபட்டது (தன்மதிப்பா, பாதுகாப்பா, உறவா) என்பவற்றை மூன்று பத்திகளில் எழுதிய பின்பே, இதில் என் பங்கு என்ன என்ற நான்காம் பத்திக்கு வர வேண்டும். ஓர் உறுப்பினர் தம் நோட்டுப் பக்கத்தைப் பெயரின்றிப் பகிர அனுமதித்துள்ளார். சொத்துப் பிரிவினையில் அண்ணன் தம்மை ஏமாற்றினார் என்று முதல் மூன்று பத்திகளையும் இடம் போதாமல் ஓரத்திலும் எழுதியிருந்த அவர், நான்காவதில் 'ஒன்றுமில்லை' என்று மட்டும் எழுதியிருந்தார். பல வாரங்கள் கழித்து அதை அடித்துவிட்டு, 'கையெழுத்துப் போடும்போது நான் போதையில் இருந்தேன். அதற்கு முன் அவரிடம் வாங்கிய கடனை இன்றுவரை சொல்லவில்லை' என்று எழுதினார். அண்ணன் செய்தது அதனால் நியாயமாகிவிடவில்லை. ஆனால் அன்று முதல் அவரைப் பற்றிப் பேசும்போது இவருடைய குரல் உயர்வதில்லை என்பதைக் கூட்டத்தில் இருந்த அனைவரும் அறிவோம்.

மன்னிப்பு என்ற சொல்லைக் கேட்டவுடன் அஞ்சியவர்களும் உண்டு. அடிபட்டு வளர்ந்தவரிடம், அடித்தவரோடு மீண்டும் போய் உறவாடு என்று சொல்வது மன்னிப்பு ஆகாது, அது ஆபத்து. மன்னிப்பும் சமரசமும் வெவ்வேறு என்று உளவியலாளர் ராபர்ட் என்ரைட் வலியுறுத்தி வந்துள்ளார். அவரும் சக ஆய்வாளர்களும் 2004இல் வெளியிட்ட சிறிய ஆய்வொன்றில், போதைச் சிகிச்சைக்காக உள்நோயாளிகளாக இருந்தவர்களுள் மன்னிப்புச் சிகிச்சை பெற்றவர்களுக்கு, வழக்கமான ஆலோசனை மட்டும் பெற்றவர்களைவிடக் கோபமும் மனச்சோர்வும் அதிகம் குறைந்தன. அதிலும் மன்னிப்பு என்பது மனத்துக்குள் நிகழ்வது. எதிராளி அதை அறிய வேண்டிய கட்டாயம்கூட இல்லை.

குடும்பத்தாருக்கான கூட்டத்தில் ஓர் அம்மையார், "இவர் குடியை விட்டுவிட்டார் என்பதற்காக நானும் உடனே எல்லாவற்றையும் மறந்துவிட வேண்டுமா?" என்று கேட்டார். அறையில் இருந்த கணவன்மார் எவரும் வாய் திறக்கவில்லை. ஒன்பதாம் படி, நம்மால் பாதிக்கப்பட்டவர்களுக்குப் பரிகாரம் செய்யச் சொல்கிறதே தவிர, மன்னிப்பை வசூலிக்கச் சொல்லவில்லை. பிறருக்குத் தீங்கு நேருமானால் பரிகாரத்தையே தவிர்க்கச் சொல்கிறது. நாம் குடித்த ஆண்டுகளுக்கான கோபம் குடும்பத்தாருடையது, அது தணியும் காலத்தையும் அவர்களே முடிவு செய்யட்டும். மன்னிக்கும்படி எந்தக் குடும்பத்தாரையும் நம் உறுப்பினர் எவரும் வற்புறுத்தக் கூடாது என்று செயற்குழு தீர்மானித்துள்ளது.

கூட்ட நேரத்தை மாற்றுவது தொடர்பாகச் செயற்குழுவுக்குள்ளேயே எழுந்த மனத்தாங்கலும் பதிவுக்குரியது. மற்றவர்களுக்கு நான்கு பத்தி எழுதச் சொல்லித் தந்தவர்களே அந்த வாரம் நோட்டை எடுக்க வேண்டியதாயிற்று.

வரும் ஆண்டில், எழுதியதை நம்பிக்கைக்குரிய ஒருவரிடம் வாய்விட்டுச் சொல்லும் ஐந்தாம் படிக்கு வழிகாட்டிகளாக இருக்க மூத்த உறுப்பினர்கள் முன்வர வேண்டுகிறேன். இவ்வறிக்கையைப் பொதுக்குழு ஏற்றுக்கொள்ளுமாறு கேட்டுக்கொள்கிறேன்.

செயலாளர்