கரண்ட் போனால் தண்ணீர் எங்கே போகும்?

மண்டபம்,
பிப்ரவரி 12

அன்புள்ள மாப்ள,

அன்றைக்கு நீ பேசிக்கொண்டிருக்கும்போதே போனை வைத்துவிட்டேன். கோபித்துக்கொள்ளாதே. கரண்ட் போய்விட்டது, நான் ஓடிப்போய்த் தொட்டிக்கு அடியில் குனிந்து, தண்ணீர் எவ்வளவு ஏறுகிறது என்று பார்க்க வேண்டியிருந்தது. இரண்டு மாதமாக இதுதான் என் பிழைப்பு.

மதுரையில் பேரனுக்காக நீயும் ஒரு கடல்நீர்த் தொட்டி வைக்கப் போவதாகச் சொன்னாயே, அதற்காகத்தான் விலாவாரியாக எழுதுகிறேன். கடல் கூப்பிடு தூரத்தில் கிடக்கிறது, இதில் என்ன கஷ்டம் என்றுதான் நானும் ஆரம்பித்தேன். இன்னும் ஒரு மீன்கூட விடவில்லை. இதுவரை குழாயோடுதான் குடித்தனம்.

தொட்டி 120 செ.மீ. நீளம், 45 அகலம், 60 உயரம். முழுக்க நிரப்பினால் 324 லிட்டர். அடி அலமாரிக்குள் இன்னொரு சின்னத் தொட்டி, சம்ப் என்கிறார்கள். 75 நீளம், 35 அகலம், 40 உயரம். மேல் தொட்டிக் கண்ணாடியில் துளை போட்டு டேங்க் கனெக்டர் மாட்டி, அதிலிருந்து பி.வி.சி. குழாய் கீழே இறங்குகிறது. நம் ஊர்க் கண்மாயில் கலுங்கு இருக்கிறதல்லவா, அதே கணக்குதான். கலுங்கு மட்டத்துக்கு மேல் தண்ணீர் நிற்காது, மிஞ்சியது வழிந்து கீழே வரும். கீழே வடிகட்டிய பிறகு மோட்டார் அதை மேலே ஏற்றும். சொல்லும்போது சுலபமாகத்தான் இருக்கிறது.

மோட்டாரிலிருந்து மேலே போகும் குழாயின் வாயைத் தண்ணீருக்குள் 15 செ.மீ. ஆழத்தில் வைத்தேன். விழுகிற சத்தம் கேட்காது, பார்க்கவும் லட்சணமாக இருக்கும் என்று என் புத்தி. பகலெல்லாம் ஒழுங்காக ஓடியது. ராத்திரி இரண்டு மணிக்குக் கரண்ட் போனது. மோட்டார் நின்றதும் அதே குழாய் மேல் தண்ணீரைக் கீழே உறிஞ்ச ஆரம்பித்துவிட்டது. பேரலில் டியூப் போட்டு மண்ணெண்ணெய் இறக்குவோமே, அப்படி. குழாய் வாய்க்குள் காற்று புகும் வரை அது நிற்காது. என் தொட்டியில் ஒரு செ.மீ. உயரத்துக்கு 5.4 லிட்டர், 15 செ.மீ.க்கு 81 லிட்டர். சம்ப்பில் காலியாக இருந்த இடமோ 40 லிட்டர்கூடப் பிடிக்காது. மீதி எங்கே போகும்?

உன் தங்கச்சி கட்டிலிலிருந்து காலை கீழே வைத்தாள். சளக். "கடல் வீட்டுக்குள்ள வந்திருச்சா?" என்றாள். 1964 புயலில் தனுஷ்கோடி போன கதையைக் கேட்டு வளர்ந்தவள். அந்த இருட்டில் எனக்குச் சிரிப்பு வரவில்லை. விடியும்வரை துணியை முக்கிப் பிழிந்துகொண்டிருந்தோம்.

கடைக்காரர், தண்ணீர் திரும்பி வராமல் தடுக்கும் நான்-ரிட்டர்ன் வால்வு ஒன்றை மாட்டச் சொன்னார். மாட்டிக்கொள், ஆனால் நம்பாதே. உப்பும் சுண்ணாம்பும் படிந்து மூடி பாதியில் நின்றால் போச்சு. நான் செய்தது வேறு: குழாய் வாயை நீர்மட்டத்துக்கு இரண்டு செ.மீ. கீழே வரை உயர்த்தினேன்; மட்டத்தை ஒட்டி அதில் ஒரு சின்னத் துளையும் போட்டேன், காற்று புகுந்து உறிஞ்சல் அறுந்துபோக. துளையில் பாசி அடைக்கும், வாரம் ஒருமுறை பல்குச்சியால் குத்திவிட வேண்டும். அப்புறம் மோட்டாரை நானே நிறுத்தி, தண்ணீர் எங்கே வந்து நிற்கிறதோ அங்கே சம்ப் கண்ணாடியில் மார்க்கரால் கோடு போட்டேன். அந்தச் சோதனையை நீ வெறும் குழாய்த் தண்ணீரிலேயே செய்து பார்த்துவிடு. எனக்கு அந்தப் புத்தி பிந்தித்தான் வந்தது.

இறங்கும் குழாயின் சத்தம் தனிக் கதை. முதலில் போட்டது ஒரு இஞ்ச். காற்றும் தண்ணீரும் சேர்ந்து உறிஞ்சி, எந்நேரமும் கக்கூஸில் தண்ணீர் ஊற்றுகிற மாதிரியே கேட்டது. விருந்தாளிகள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். இப்போது ஒன்றரை இஞ்ச் போட்டு, தலையில் 'டி' வடிவ இணைப்பு ஒன்றை வைத்து, மூடியில் ஊசித்துளை விட்டிருக்கிறேன். அதன் வழியாகக் காற்று போய்வருவதால் அடங்கிவிட்டது. பக்கத்திலேயே இன்னொரு குழாய், வாய் ஒரு விரற்கடை உயரத்தில். அதில் தண்ணீரே போகாது. முதல் குழாயில் நத்தையோ இலையோ அடைத்துக்கொண்டால் மட்டும் போகும்.

பிளம்பர் பழக்கத்தில் பித்தளை வால்வு போட்டுவிட்டுப் போய்விட்டார். மூன்றே வாரத்தில் பச்சை பூத்தது. பித்தளையில் இருக்கும் செம்பு இறாலையும் நத்தையையும் கொன்றுவிடும். எல்லாம் பிளாஸ்டிக்காகவே இருக்கட்டும், கிளாம்பு உட்பட.

தண்ணீரை இருபது லிட்டர் கேனில் தென்கடலிலிருந்து எடுத்தேன். இப்போது வாடை வீசுகிறது, வடகடல் கலங்கிக் கிடக்கிறது. தென்மேற்குக் காற்று வீசும் கச்சான் காலத்தில் எடுத்திருந்தால் வடகடலுக்குத்தான் போயிருப்பேன். மழை முடிந்த கையோடு எடுத்ததால், உப்பின் அளவைக் காட்டும் ஹைட்ரோமீட்டர் 1.023 காட்டியது, வேண்டியது 1.025. பத்து நாள் வற்றவிட்டு, குறைந்ததற்குக் கடல்நீரையே ஊற்றினேன், ஏறிவிட்டது. இனிமேல் வற்றுவதற்கு ஆர்.ஓ. தண்ணீர்தான், ஆவியாவது தண்ணீர் மட்டும், உப்பு உள்ளேயே நின்றுவிடுகிறது. நீ மதுரையில் உப்புப் பொடி வாங்கிக் கரைத்துக்கொள்.

ஸ்கிம்மர் என்று ஒன்று இருக்கிறது, அதில் கஞ்சத்தனம் பண்ணாதே. கச்சானில் கரை முழுக்கப் பழுப்பு நுரை ஒதுங்குமே, அதைத்தான் அது ஒரு குழாய்க்குள் உண்டாக்குகிறது. தண்ணீரில் கரைந்த கழிவு பொடிக்குமிழில் ஒட்டிக்கொண்டு மேலேறி, கப்பில் கறுப்பாய் வழிகிறது. நாற்றம் சகிக்காது. அவ்வளவும் தண்ணீருக்குள் இருந்தது என்று நினைத்தால்தான் காசு வீண் இல்லை என்று தோன்றும்.

கழிவை மாற்றும் பாக்டீரியா குடியேற முருகைக்கல், அதாவது பவளக்கல், போடலாமே என்று கேட்டாய். தொடவே கூடாது மாப்ள. உயிருள்ள பவளம் வனவிலங்குச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருக்கிறது. மன்னார் வளைகுடாத் தீவுகள் 1986 முதல் தேசியப் பூங்கா. நம் தாத்தா காலத்தில் வண்டி வண்டியாக வெட்டிச் சுண்ணாம்புக் காளவாய்க்கு அனுப்பினார்கள், வீடு கட்டினார்கள். அந்தக் கணக்கே இன்னும் தீரவில்லை. நான் செராமிக் வளையங்களைத்தான் சம்ப்பில் கொட்டியிருக்கிறேன்.

பாக்டீரியாவுக்குத் தீனியாக ஒரு செத்த இறாலைப் போட்டு இன்றோடு 26 நாள். அமோனியா ஏறி இறங்கிப் பூஜ்யத்துக்கு வந்துவிட்டது. அமோனியாவிலிருந்து பாக்டீரியா உண்டாக்கும் நைட்ரைட்டும் மீனுக்கு நஞ்சுதான், அதன் சோதனைக் குழாய் இன்னும் ரோஸ் நிறம் காட்டுகிறது. அது வெளுத்த பிறகுதான் கோமாளி மீன் ஒரு ஜோடி, அதுவும் தொட்டியிலேயே பொரித்து வளர்த்த குஞ்சாகத்தான் வாங்குவேன். இங்கே மண்டபத்து மத்திய கடல்மீன் ஆராய்ச்சி நிலையத்தில் அதை முட்டையிட வைத்து வளர்த்துக் காட்டியிருக்கிறார்கள், கடலில் வலை போட்டுப் பிடிப்பானேன்?

மாசி மகத்துக்கு வருவாய் அல்லவா? வரும்போது ஒன்றரை இஞ்ச் யூனியன், குழாயைக் கழற்றி மாட்டும் இணைப்பு, இரண்டு வாங்கி வா. மோட்டாரைக் கழற்ற வேண்டுமென்றால் இப்போது குழாயை அறுக்க வேண்டியிருக்கிறது. இங்கே கடையில் ஒண்ணேகால்தான் வைத்திருக்கிறார்கள். உன் வீட்டுக்காரியிடம் சொல், ராத்திரி தங்கினால் பாயைக் கூடத்தில் விரிக்கப் போவதில்லை.

உன்,
பழைய பெஞ்சுக்காரன்