தேவிகுளம் தேர்தல் வழக்கும் 1950ஆம் ஆண்டுச் சான்றும்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். கேரளத்தில் பட்டியல் சாதியினருக்கு ஒதுக்கப்பட்ட தேவிகுளம் சட்டமன்றத் தொகுதியில் 2021இல் வென்ற ஏ. ராஜாவின் தேர்வு செல்லும் என்று உச்ச நீதிமன்றம் 2025 மே 6ஆம் தேதி அளித்த தீர்ப்பைப் பற்றிய செய்தியைத் தங்கள் நாளிதழில், மூணாறு கடைவீதியில் நின்றபடியே படித்து முடித்தேன். ஒருவர் வென்றார், இன்னொருவர் தோற்றார் என்பதோடு செய்தி நின்றுவிட்டது. இந்த மலையில் தலைமுறை தலைமுறையாகக் குடியிருக்கும் தமிழர்களோ, அவர் கேரளத்தின் பட்டியல் சாதியினரா என்று அந்த வழக்கில் எழுந்த கேள்வியைத் தங்கள் வீட்டு வாசலில் கேட்கப்பட்ட கேள்வியாகவே நான்கு ஆண்டுகளாக உணர்ந்து வந்தோம். அதைச் சொல்லவே இக்கடிதத்தை எழுதுகிறேன்.

2021 தேர்தலில் நான் ராஜாவுக்கு வாக்களித்தவன் அல்லன் என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அவரை எதிர்த்து வழக்குத் தொடுத்த காங்கிரஸ் வேட்பாளர் டி. குமாரையும் நான் குறை சொல்லப் போவதில்லை. ஒதுக்கீட்டுத் தொகுதியில் தகுதியில்லாத ஒருவர் நின்று வென்றுவிட்டால் இழப்பு எங்கள் மக்களுக்குத்தான். சந்தேகம் இருந்தால் நீதிமன்றம் போவது எந்த வேட்பாளருக்கும் உள்ள உரிமை. கேரளத்தின் 140 தொகுதிகளில் பட்டியல் சாதியினருக்கென ஒதுக்கப்பட்டவை 14. அவற்றுள் தமிழ்த் தோட்டத் தொழிலாளர்களின் வாக்கு முடிவைத் தீர்மானிக்கும் தொகுதி எங்களுடையது. ஆகவே இங்கே அந்த ஒதுக்கீட்டைக் காப்பதில் எங்களைவிட அக்கறை உள்ளவர்கள் வேறு யாரும் இருக்க முடியாது.

நடந்ததைச் சுருக்கமாகச் சொல்கிறேன். 2021 ஏப்ரல் 6ஆம் தேதி வாக்குப்பதிவு நடந்தது. மே 2ஆம் தேதி வாக்குகள் எண்ணப்பட்டன. இடது ஜனநாயக முன்னணி 99 இடங்களும் ஐக்கிய ஜனநாயக முன்னணி 41 இடங்களும் பெற்றன. ஆளும் அணியே மீண்டும் ஆட்சிக்கு வருவது நாற்பது ஆண்டுகளுக்கு மேலாகக் கேரளம் காணாத ஒன்று என்பதால் நாடு முழுவதும் அதைப் பற்றியே பேசியது. தேவிகுளத்தில் மார்க்சிஸ்ட் கட்சியின் ராஜா 7,848 வாக்குகள் வித்தியாசத்தில் வென்றார். மே 24ஆம் தேதி அவர் தமிழில் உறுதிமொழி ஏற்றபோது லயங்களில், அதாவது தோட்டத் தொழிலாளர்களின் வரிசை வீடுகளில், தொலைக்காட்சிப் பெட்டிகளின் முன் கூடியிருந்தவர்கள் கைதட்டியது எனக்கு நினைவிருக்கிறது. அந்தத் தமிழ் வாசகத்தில், கடவுளின் பெயரால் என்றோ உளமார என்றோ இருக்க வேண்டிய சொல் விடுபட்டிருந்ததால், ஜூன் 2ஆம் தேதி அவர் மறுபடியும் உறுதிமொழி ஏற்க நேர்ந்தது. ஒரு மாநிலத்தின் சட்டமன்றத்தில் சிறுபான்மை மொழியில் படிக்கப்படும் நான்கு வரிகளைச் சரிபார்க்க ஆள் இல்லாமல் போனது எனக்கு அன்று மிகுந்த வருத்தத்தைத் தந்தது.

2023 மார்ச் 20ஆம் தேதி கேரள உயர் நீதிமன்றம் அவருடைய தேர்வு செல்லாது என்று தீர்ப்பளித்தது. அவர் கிறிஸ்தவர், கேரள மாநிலத்தைப் பொறுத்தவரை இந்து பறையர் சமூகத்தவராகக் கொள்ளத் தக்கவர் அல்லர் என்பது அத்தீர்ப்பின் சாரம். தேவாலயப் பதிவேடுகளும் திருமணப் படங்களும் அங்கே சாட்சியங்களாயின. அடுத்த மாதமே உச்ச நீதிமன்றம் அத்தீர்ப்பை நிறுத்தி வைத்தது. ஆனால் அவர் அவைக்குப் போகலாம், வாக்களிக்கக் கூடாது, படியும் ஊதியமும் பெறக் கூடாது என்று நிபந்தனை விதித்தது. பதவிக் காலத்தில் நான்கு ஆண்டுகள் கழிந்த பிறகு, அவர் தகுதியுள்ளவரே என்று இறுதித் தீர்ப்பு வந்திருக்கிறது. நிறுத்தி வைத்த பணப்பலன்கள் அவருக்குக் கிடைத்துவிடும். வாக்கில்லாத உறுப்பினரை அவையில் உட்கார வைத்திருந்த தொகுதிக்கு எது திரும்பக் கிடைக்கும்?

மக்கள் பிரதிநிதித்துவச் சட்டம் இதற்குக் கால வரையறையைச் சொல்லாமல் விடவில்லை. முடிவு வந்த 45 நாட்களுக்குள் தேர்தல் மனுவைத் தாக்கல் செய்ய வேண்டும். உயர் நீதிமன்றம் ஆறு மாதங்களில் விசாரணையை முடிக்க முயல வேண்டும். உச்ச நீதிமன்றம் மேல்முறையீட்டை மூன்று மாதங்களில் தீர்க்க முயல வேண்டும். மனு போட்ட பிறகு இரண்டும் சேர்ந்தால் ஒன்பது மாதங்கள். இதே தேவிகுளத்தில் 1957ஆம் ஆண்டு வென்ற ரோசம்மா புன்னூஸின் தேர்வும் செல்லாது என அறிவிக்கப்பட்டது. ஆனால் 1958ஆம் ஆண்டிலேயே இடைத்தேர்தல் நடந்து அவரே மறுபடியும் வென்றார். மலைப்பாதைகூடச் சரியாக இல்லாத அந்தக் காலத்தில் அடுத்த ஆண்டிலேயே வாக்காளரிடம் மீண்டும் வந்து கேட்க முடிந்திருக்கிறது.

காலதாமதத்தைவிட என்னை அதிகம் உறுத்துவது வேறொன்று. பட்டியல் சாதியினர் யார் என்பதை 1950 ஆகஸ்ட் 10ஆம் தேதியிட்ட குடியரசுத் தலைவர் ஆணை மாநிலவாரியாக வரையறுக்கிறது. திருநெல்வேலிச் சீமையில் பறையர், பள்ளர், சக்கிலியர் என்று பட்டியலில் இருப்பவர் கேரளத்தில் அதே சலுகையைப் பெற வேண்டுமானால், அவருடைய முன்னோர் அந்தத் தேதியில் இங்கே குடியிருந்தார்கள் என்று நிறுவ வேண்டும். சட்டமன்ற ஒதுக்கீட்டுத் தொகுதியில் நிற்பவர் அந்த மாநிலத்தின் பட்டியல் சாதியினராகவே இருக்க வேண்டும் என்பது மக்கள் பிரதிநிதித்துவச் சட்டத்தின் 5ஆம் பிரிவு. நாடாளுமன்றத்துக்கான 4ஆம் பிரிவோ, எந்த மாநிலத்தின் பட்டியல் சாதியினரானாலும் போதும் என்கிறது. ஆக, மூணாறு எஸ்டேட்டில் கொழுந்து கிள்ளும் ஒருவருக்கு 1950ஆம் ஆண்டுச் சான்று இல்லாவிட்டாலும், திருநெல்வேலியிலிருந்து சாதிச் சான்றிதழ் வாங்க முடிந்தால் ஆலத்தூரிலோ மாவேலிக்கரையிலோ மக்களவைக்குப் போட்டியிடலாம். தான் பிறந்து வளர்ந்த தேவிகுளத்தில் சட்டமன்றத்துக்குப் போட்டியிட முடியாது. இதைச் சொன்னால் எங்கள் ஊர் இளைஞர்கள் நம்ப மறுக்கிறார்கள்.

நான் தோட்டப் பள்ளி ஒன்றில் தமிழ்வழியில் பாடம் சொல்லி ஓய்வு பெற்றவன். என் மூத்த மகளின் கல்லூரிச் சேர்க்கைக்காகச் சாதிச் சான்றிதழ் கேட்டுப் போனபோது, அலுவலகம் ஒன்றில் என் தாத்தா 1950க்கு முன் இங்கே இருந்ததற்கு ஆவணம் கொண்டுவரச் சொன்னார்கள். என் தாத்தா, ஆள் சேர்த்து வேலை வாங்கும் கங்காணி ஒருவரோடு போடி வழியாகக் கால்நடையாய் மலையேறியவர். அவருக்குச் சொந்த நிலம் இல்லை, பட்டா இல்லை, வரி ரசீது இல்லை. இருந்தது கம்பெனி லயத்தில் ஓர் அறை. அவர் பெயர் ஏறிய ஒரே புத்தகம், தொழிலாளர் வருகையையும் கூலியையும் குறிக்கும் எஸ்டேட்டின் செக்ரோல். அந்தக் காலத்துச் செக்ரோலைத் தேடிப் போனபோது, பழைய கணக்குகளைக் கறையான் அரித்ததால் கழித்துவிட்டோம் என்றார்கள். பூர்விக ஊருக்குப் போனேன். அங்கிருந்த அலுவலர், நீங்கள் கேரளத்துக்காரர், அங்கேயே வாங்கிக்கொள்ளுங்கள் என்று மரியாதையாகவே சொல்லி அனுப்பினார். பேருந்தில் திரும்பும்போது, இரண்டு மாநிலங்களும் அடுத்தவரைக் காட்டுகின்றனவே என்று என் மகள் கேட்டாள். அவளுக்கு அன்று என்னிடம் பதில் இல்லை.

கடைசியில் கைகொடுத்தது பள்ளிச் சேர்க்கைப் பதிவேடுதான். என் அத்தை 1948ஆம் ஆண்டு தோட்டப் பள்ளியில் முதல் வகுப்பில் சேர்ந்த வரி, மை மங்கிப் போயிருந்தாலும் படிக்க முடிந்தது. அதிலும் தந்தை பெயர் இருந்த இடத்தில் சாதிப் பெயர் பாதி அழிந்திருந்தது. நான் ஆசிரியராக இருந்த காலத்தில் இத்தகைய பழைய பதிவேடுகளை நிறையப் பார்த்திருக்கிறேன். சில பிள்ளைகளுக்குத் தந்தை பெயருக்குப் பதில் கங்காணி பெயர் எழுதப்பட்டிருக்கும். சில பிள்ளைகளின் சாதிக் கட்டம் வெறுமையாக இருக்கும். ஞாயிற்றுக்கிழமை தேவாலயத்துக்குப் போகும் குடும்பம் என்று கேள்விப்பட்டால் எழுதுபவர் தாமாகவே கிறிஸ்தவர் என்று குறித்துவிடுவார். எண்பது ஆண்டுகளுக்கு முன் யாரோ அவசரத்தில் எழுதிய ஒரு சொல், இன்று ஒரு பிள்ளையின் படிப்பையும் ஒருவரின் வேட்புமனுவையும் முடிவு செய்யும் இடத்தில் நிற்கிறது. என் மகளுக்குச் சான்றிதழ் கிடைத்தபோது சேர்க்கைக்கான கடைசி நாள் கடந்திருந்தது. அவள் பொதுப் பிரிவில் வேறொரு படிப்பில் சேர்ந்தாள்.

இந்த மலைகளில் தேயிலைக்கான நிலம் 1877ஆம் ஆண்டில் பூஞ்ஞாறு அரசரிடமிருந்து ஆங்கிலேயர் கைக்குப் போனது. காடு திருத்தியதும், 1924ஆம் ஆண்டு வெள்ளம் மூணாறை வாரிக்கொண்டு போன பிறகு அதை மறுபடி எழுப்பியதும் பெரும்பாலும் தமிழகத்திலிருந்து வந்த கைகள். மாநிலங்கள் பிரிக்கப்பட்ட காலத்தில், தேவிகுளம், பீர்மேடு தாலுகாக்களின் தமிழர்கள் தோட்ட வேலைக்கு வந்து போகிறவர்கள் என்ற வாதம் எடுத்து வைக்கப்பட்டது. 1956 நவம்பரில் இரு தாலுகாக்களும் கேரளத்தோடு நின்றன. அந்த எல்லையை மாற்றச் சொல்லி நான் இதை எழுதவில்லை. எங்கள் பிள்ளைகள் மலையாளம் படிக்கிறார்கள், எங்கள் வாக்குகள் இந்த மாநிலத்தின் ஆட்சியைத் தீர்மானிக்கின்றன, நாங்கள் கேரளத்தவர். 2020 ஆகஸ்டில் பெட்டிமுடியில் மண் சரிந்து 70 பேர் லயங்களோடு புதைந்தபோது, அவர்கள் இந்த மண்ணுக்கு உரியவர்களா என்று எவரும் ஆவணம் கேட்கவில்லை. வாழும்போது மட்டும் ஏன் கேட்க வேண்டும்?

 அடுத்த சட்டமன்றத் தேர்தலுக்குள் மாநில அரசு செய்யக்கூடியது உண்டு. உச்ச நீதிமன்றத் தீர்ப்பு ராஜா ஒருவரின் வழக்கை முடித்திருக்கிறது. அதே நிலையில் உள்ள ஆயிரக்கணக்கான குடும்பங்கள் ஒவ்வொருவரும் தனித்தனியே உச்ச நீதிமன்றம் வரை போக முடியாது. தோட்டப் பள்ளிகளின் சேர்க்கைப் பதிவேடுகள், எஞ்சியிருக்கும் செக்ரோல்கள், தோட்ட மருத்துவமனைகளின் பிறப்பு இறப்புப் பதிவுகள், 1952 பொதுத் தேர்தலின் வாக்காளர் பட்டியல் ஆகியவற்றைச் சேகரித்து, படியெடுத்து, தாசில்தார்கள் பார்க்கும்படி ஓரிடத்தில் வைத்தால், ஆவணம் தேடும் சுமை தொழிலாளியின் தோளிலிருந்து இறங்கும். எந்தெந்த ஆவணத்தை ஏற்கலாம் என்று எழுத்தில் ஓர் உத்தரவு வர வேண்டும். இப்போது அது அலுவலருக்கு அலுவலர் மாறுகிறது. சாதிச் சான்றிதழ்கள் வழங்குவதையும் சரிபார்ப்பதையும் பற்றிக் கேரளத்தில் 1996ஆம் ஆண்டிலிருந்தே தனிச் சட்டம் இருக்கிறது; ஆராய்வதற்குக் கோழிக்கோட்டில் பட்டியல் சாதியினர், பழங்குடியினருக்கான கிர்த்தாட்ஸ் என்ற அரசு ஆய்வு நிறுவனமும் இருக்கிறது. ஒதுக்கீட்டுத் தொகுதியில் நிற்க விரும்புகிறவர், தேர்தலுக்கு ஆறு மாதம் முன்பே தம் சான்றிதழை அங்கே ஆய்வுக்கு உட்படுத்தி முடிவு பெற்றுக்கொள்ள வழி செய்யலாம். வேட்புமனுப் பரிசீலனையின்போது தேர்தல் அதிகாரி சில மணி நேரத்தில் பார்த்துச் சொல்லும் முடிவை நம்பித் தொகுதி ஐந்தாண்டு காத்திருக்க வேண்டியதில்லை.

மத மாற்றம் குறித்த விவாதத்துக்குள் நான் போகவில்லை. கிறிஸ்தவ தலித்துகளுக்குப் பட்டியல் சாதித் தகுதி உண்டா என்பது தனியாகவும் விரிவாகவும் பேசப்பட வேண்டியது. நான் கேட்பது அதைவிடச் சிறியது. தாத்தாவின் பெயர் எந்தப் பதிவேட்டில் இருக்கிறது என்று தேடி அலையும் வேலையை அரசு ஏற்க வேண்டும்.

என் இளைய மகளின் பிள்ளை இப்போது பத்தாம் வகுப்பு முடித்திருக்கிறான். அவனுடைய விண்ணப்பத்துக்காக அதே 1948ஆம் ஆண்டுப் பதிவேட்டின் நகலை மறுபடியும் எடுத்து வைத்திருக்கிறேன். மை இன்னும் மங்கியிருக்கிறது.

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற தோட்டப் பள்ளி ஆசிரியர்,
மூணாறு.