முன்பணத்துக்குப் பின்தான் முதலுதவியா?

மாண்புமிகு சுகாதார அமைச்சர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற மாதம் பின்னிரவு ஒன்றில், நெஞ்சுவலியால் துவண்ட என் தந்தையாரைப் பட்டர்வொர்த்திலிருந்து பாலம் கடந்து, அவர் பல்லாண்டுகளாகச் சிகிச்சை பெற்றுவரும் தனியார் மருத்துவமனைக்குக் கொண்டு சென்றோம். வாசலிலேயே அவர் முகத்தைக் கண்ட தாதியர் ஒருவர், ஒரு கேள்வியும் கேளாமல் சக்கர நாற்காலியில் அமர்த்தி, நாடி பார்த்து, "சிவப்பு" என்றார்; உயிராபத்து, உடனே சிகிச்சை வேண்டும் என்பதற்கான குறி அது. முகப்பில் இருந்தவரோ, 3,000 ரிங்கிட் முன்பணம் அல்லது காப்புறுதி நிறுவனத்தின் உத்தரவாதக் கடிதம் வேண்டும் என்றார். என் அட்டை செல்லவில்லை. ஈப்போவில் உறங்கிக்கொண்டிருந்த தங்கையை எழுப்பி, அவர் பணம் அனுப்பி, அது வந்து சேர்ந்ததாகத் திரை காட்டும்வரை இருபத்தைந்து நிமிடங்கள். அவ்வளவு நேரமும் அந்தத் தாதியர் நாற்காலியின் பிடியை விடாமல் நின்றார். இருமுறை முகப்பிடம் கேட்டார். மூன்றாம் முறை கேட்கவில்லை, தலையைக் குனிந்துகொண்டார். அப்பா பிழைத்துக்கொண்டார். அதனால்தான் இம்மடலை இவ்வளவு பணிவாக எழுத முடிகிறது.

1998ஆம் ஆண்டின் தனியார் சுகாதாரப் பராமரிப்பு வசதிகள், சேவைகள் சட்டத்தின் 38ஆம் பிரிவு தங்களுக்குத் தெரியாததன்று. உயிர்காக்கும் அவசரச் சிகிச்சை தேவைப்படும் எவருக்கும் அதை அளிக்கத் தனியார் மருத்துவமனை எந்நேரமும் ஆயத்தமாக இருக்க வேண்டும் என்கிறது அது. அந்தத் தாதியரோ 1950ஆம் ஆண்டுத் தாதியர் சட்டத்தின்கீழ்ப் பதிவு பெற்று, ஆண்டுதோறும் சான்றிதழைப் புதுப்பித்து, தம் பணிக்குத் தாதியர் வாரியத்திடம் பதில் சொல்ல வேண்டியவர். அவரைத் தடுத்து நிறுத்திய முகப்பு யாரிடம் பதில் சொல்கிறது?

ஆகவே நான் கேட்பது இதுதான்: தாதியர் 'சிவப்பு' என்று குறித்த நோயாளிக்கு முதற்சிகிச்சை முடியும்வரை பணப் பேச்சே எழக்கூடாது; இதை ஒவ்வொரு தனியார் மருத்துவமனையின் உரிமத்திலும் நிபந்தனையாக எழுதுங்கள்.

அதே சட்டம் நோயாளிகளின் முறையீட்டுக்கும் வழி வகுத்திருக்கிறது என்பதால் மருத்துவமனைக்கு எழுதினேன். 'மதிப்புமிக்க வாடிக்கையாளரே' என்று தொடங்கிய பதிலில், அடுத்த உடற்பரிசோதனைக்குப் பத்து விழுக்காடு கழிவு தருவதாக இருந்தது. அடுத்த மாரடைப்புக்கும் கழிவு உண்டா என்று கேட்டு எழுதத் தொடங்கி, நிறுத்திக்கொண்டேன். வரவேற்பறையில் நான்கு மொழிகளில் நோயாளி உரிமைப் பலகை தொங்குகிறது. தமிழில் 'உரிமை' என்ற சொல்லிலேயே எழுத்துப்பிழை.

கடுமை தெரிந்தால் பொறுத்தருள்க. பணம் பிறகு, நோயாளி முதலில் என்பதை அந்தத் தாதியர் வாசலிலேயே அறிந்திருந்தார். அவர் மூன்றாம் முறையும் துணிந்து கேட்கும்படி, அந்த ஒரு நிபந்தனையை உரிமத்தில் சேர்க்குமாறு பணிவன்புடன் வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
பட்டர்வொர்த்வாசி ஒருவர்