வயல் எங்களது, கட்டுரைக்குப் பூட்டு

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். ஆராய்ச்சி இதழ்களுக்கு மத்திய அரசே மொத்தமாகச் சந்தா கட்டும் 'ஒரே நாடு ஒரே சந்தா' திட்டம் பற்றிய உங்கள் தலையங்கத்தில், ஆராய்ச்சிக் கட்டுரைகள் இனி கடைக்கோடி மனிதனுக்கும் எட்டும் என்று எழுதியிருந்தீர்கள். எங்கள் களக்காடு கடைக்கோடியில்கூடச் சேர்த்தி இல்லை போலிருக்கிறது. அது அரசுக் கல்வி, ஆராய்ச்சி நிறுவனங்களுக்கான திட்டம் என்பது உங்களுக்குத் தெரியாததல்ல. 6,300-க்கு மேற்பட்ட நிறுவனங்கள், சுமார் 13,000 இதழ்கள், மூன்று வருஷத்துக்கு 6,000 கோடி ரூபாய். சந்தோஷம். சுயநிதிக் கல்லூரியில் படிக்கிற என் தங்கை மகளுக்கே அதில் இடமில்லை. எனக்கு எங்கிருந்து எட்டும்?

வயிற்றெரிச்சலுக்குக் காரணம் இருக்கிறது. சில வருஷம் முன்பு என் ஏத்தன் வாழையில் கிழங்கு அழுகல் வந்தது. லேசாக இழுத்தாலே வாழை கழுத்தோடு முறிந்து கையில் வந்துவிடும், கிழங்கு மண்ணுக்குள்ளேயே நாறிக் கிடக்கும். ஆராய்ச்சிக்காரர்கள் வந்தார்கள். நான்தான் மண்வெட்டி பிடித்துத் தோண்டிக் கொடுத்தேன். கிழங்கைச் சீவி, மண்ணையும் அள்ளி, பாலிதீன் பையில் போட்டு, என் சர்வே நம்பரை மார்க்கரால் எழுதிக்கொண்டு போனார்கள். அப்புறம் ஒரு தகவலும் இல்லை. கட்டுரை வெளிவந்த விஷயமே வேளாண்மைத் துறையில் இருக்கும் ஒரு தம்பி சொல்லித்தான் தெரியும். போனில் தேடினால் சுருக்கம் மட்டும் வருகிறது. கீழே மத்திய அரசின் நிதியுதவிக்கு நன்றி. முழுசும் படிக்க முப்பது டாலருக்கு மேல் கட்டணுமாம். என்ன மருந்து, எவ்வளவு, எந்த மாசத்தில் ஊற்றணும் என்பதெல்லாம் பூட்டுக்குள்ளே.

எழுதியவரிடமே கேட்டேன். "உரிமையைப் பதிப்பகத்துக்கு எழுதிக் கொடுத்தாச்சே, அண்ணாச்சி" என்றார். மரியாதைக்குக் குறைவில்லை.

மத்திய உயிரித் தொழில்நுட்பத் துறையும் அறிவியல் தொழில்நுட்பத் துறையும் 2014 டிசம்பரிலேயே கொள்கை போட்டுவிட்டன. அவர்கள் பணத்தில் நடந்த ஆய்வென்றால், இதழ் ஏற்றுக்கொண்ட கைப்பிரதியை, யாரும் காசில்லாமல் படிக்கிற மாதிரி, இணையத்தில் பொதுக் களஞ்சியத்தில் ஏற்றி வைக்க வேண்டும். ஒரு வருஷத்துக்கு மேல் மூடி வைக்கக் கூடாது. பதிப்பகம் வடிவமைத்து அச்சிட்ட பக்கத்தை யாரும் கேட்கவில்லை. இந்திய வேளாண் ஆராய்ச்சி கவுன்சில் 2013-லேயே இதைச் சொல்லிவிட்டது. சொன்னதோடு சரி, ஏற்றினாயா என்று கேட்க நாதியில்லை. நான் சொட்டுநீர் மானியம் கேட்டால் மட்டும் சிட்டா, அடங்கல், ஆதார் நகல், வயலில் நிற்கிற போட்டோ எல்லாம் வேண்டும். அமெரிக்காவில் தேசிய சுகாதார நிறுவனங்களின் பணத்தில் எழுதிய கட்டுரை 2025 ஜூலை 1-க்குப் பிறகு ஏற்கப்பட்டால், வெளியான அன்றே எல்லோரும் படிக்கலாம். அந்த ஊர்க்காரன் சர்க்கரை வியாதியைப் பற்றி நான் இங்கே உட்கார்ந்து படிக்கலாம், என் வயல் மண்ணைப் பற்றி முடியாது.

நம்ம சீமைக்கு இது புதுசும் இல்லை. ஆதிச்சநல்லூரில் 2004-05-ல் தொல்லியல் துறை அகழாய்வு என்று தோண்டியதற்கு அறிக்கை வராமல் பத்து வருஷத்துக்கு மேல் கிடந்து, மதுரை உயர் நீதிமன்றக் கிளை வரைக்கும் வழக்குப் போனது. அப்போதும் நீங்கள் பொருநை என்கிற நம்ம தாமிரபரணியின் பெருமையைப் பக்கம் பக்கமாக எழுதினீர்கள். அறிக்கை எங்கே என்று முதல் வருஷமே கேட்டிருந்தால் என்ன குறைந்திருக்கும்? மனசிருந்தால் நடக்கத்தான் செய்கிறது. மனோன்மணீயம் சுந்தரனார் பல்கலைக்கழக ஆய்வேடுகளை 'சோத்கங்கா' தளத்தில் காசில்லாமல் நானே படித்திருக்கிறேன்.

சரி, உங்களால் முடிந்ததைக் கேட்கிறேன். வேளாண் பக்கத்தில் 'விஞ்ஞானிகள் கண்டுபிடிப்பு' என்று செய்தி போடும்போது, யார் பணத்தில் நடந்த ஆய்வு, முழுக் கட்டுரை எங்கே இலவசமாகக் கிடைக்கும் என்று கீழே ஒரு வரி போடுங்கள். கிடைக்காதென்றால் கிடைக்காது என்றே போடுங்கள். ராசிபலனுக்கு அரைப் பக்கம் ஒதுக்குகிற உங்களுக்கு அந்த ஒரு வரிக்கு இடம் இல்லாமல் போகாது.

இப்படிக்கு,
வாழை விவசாயி ஒருவர்,
களக்காடு, திருநெல்வேலி மாவட்டம்.