1,330 விமானம் வாங்குகிறவர்கள் கேட்டுப் பெற வேண்டியது

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

இந்திய வானில் ஐரோப்பிய விமானக் கம்பெனியான ஏர்பஸ்ஸின் வளர்ச்சி பற்றித் தங்கள் இதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். முப்பத்தாறு வருடம் விமானங்களின் வயிற்றடியில் நின்று வேலை பார்த்தவன் நான். கட்டுரை தொடாமல் விட்ட ஒன்றைச் சொல்ல வேண்டும்.

1976இல் இந்தியன் ஏர்லைன்ஸ் ஏர்பஸ்ஸின் ஏ300 விமானங்களைப் பறக்கவிட்டபோது, அது விற்பனைக்குத் திணறிக்கொண்டிருந்த கம்பெனி. 1989இல் அதே கம்பெனியின் ஏ320 வந்தது. அடுத்த வருடமே, பிப்ரவரி 14 அன்று, பெங்களூரில் ஒன்று விழுந்து 92 பேர் இறந்தார்கள். அரசு எல்லா ஏ320களையும் நிறுத்திவிட்டது. அப்போது நான் பம்பாயில் இருந்தேன். எஞ்சின் வாயில் சிவப்பு உறை மாட்டி, புது விமானங்கள் பல மாதம் சும்மா நின்றன. பறக்காத விமானத்துக்கும் பராமரிப்பு உண்டு. டயர் ஒரே இடத்தில் அழுந்திவிடாமல் அவ்வப்போது உருட்டி வைப்போம். ஒவ்வொரு முறை உருட்டும்போதும், இவை எப்போது பறக்கும் என்றுதான் மனசு கிடந்து அடித்துக்கொள்ளும்.

அன்று நின்றவை கொஞ்சம்தான். இன்றைய நிலை வேறு. இண்டிகோ 2005இல் 100 விமானம் கேட்டது. அப்புறம் 180, 250, 300 என்று ஏறி, 2023 ஜூனில் பாரிஸ் விமானக் கண்காட்சியில் ஒரே மூச்சில் 500. கூட்டினால் 1,330, அத்தனையும் ஏ320 குடும்பம். ஏர் இந்தியா 2023இல் 250 ஏர்பஸ்ஸும் 2024 டிசம்பரில் இன்னும் 100ம் கேட்டிருக்கிறது. நல்ல விமானம், அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஆனால் ஒரே வகையை இவ்வளவு நம்பினால், அதற்கு வரும் ஒரு சளி நாட்டுக்கே காய்ச்சலாகிவிடும்.

2025 நவம்பர் கடைசியில் பார்த்தோமே. கடுமையான சூரியக் கதிர்வீச்சு கட்டுப்பாட்டுக் கணினியின் தரவைக் கெடுக்கக்கூடும் என்று தெரிந்ததும், உலகம் முழுக்கச் சுமார் 6,000 ஏ320 குடும்ப விமானங்களுக்கு மென்பொருள் மாற்றச் சொன்னார்கள். இந்தியாவில் 338. என் பக்கத்து வீட்டுப் பையன் விமானப் பொறியாளர். அன்று ராத்திரி டூட்டிக்குப் போனவன் மறுநாள் மத்தியானம்தான் வீட்டுக்கு வந்தான். கண் சிவந்திருந்தது. "எல்லாம் முடிச்சாச்சு மாமா" என்றான். எனக்குப் பெருமையாக இருந்தது.

மென்பொருள் என்பதால் ஒன்றிரண்டு நாளில் முடிந்தது. எஞ்சின் என்றால் முடியாது. ஏ320 குடும்ப விமானங்கள் பலவற்றில் இருக்கும் பிராட் அண்ட் விட்னி கம்பெனி எஞ்சினின் கோளாறால் 2024 தொடக்கத்தில் இண்டிகோவின் எழுபதுக்கும் மேற்பட்ட விமானங்கள் தரையில் கிடந்தன. கோ ஃபர்ஸ்ட் விமான நிறுவனம் 2023 மே மாதத்திலேயே அந்த எஞ்சினைக் காரணம் காட்டிக் கடையை மூடிவிட்டது. அங்கே வேலை பார்த்தவர்களின் குடும்பங்களை நினைத்தால் இப்போதும் வயிறு எரிகிறது.

ஆகவே, இவ்வளவு வாங்குகிறவர்கள் உரிமையோடு கேட்க வேண்டும். சீனா கேட்டது, 2008இலேயே தியான்ஜினில் பாகங்களைப் பூட்டி முழு ஏ320 ஆக்கும் தொழிற்சாலை திறந்தது. அமெரிக்காவில் மொபைல் என்ற நகரில் 2015இல் வந்தது. நமக்கு வதோதராவில் வந்திருப்பது சி295 ராணுவ விமானத்துக்கு. ஏ320க்குக் கதவு, இறக்கைப் பாகம் என்று உதிரிகளைத்தான் நம் ஊர்க்காரர்கள் செய்து அனுப்புகிறார்கள். அந்தக் கை முழு விமானத்தைப் பூட்டாதா?

2025 நவம்பரில் ஹைதராபாத்தில் பிரான்ஸின் சஃப்ரான் நிறுவனம், ஏ320 குடும்பத்தில் பொருத்தப்படும் இன்னொரு எஞ்சினான லீப்புக்குப் பழுதுபார்க்கும் கூடம் திறந்ததை மனதார வரவேற்கிறேன். பிராட் எஞ்சினுக்கும் அப்படியொன்று இங்கே வேண்டும். அடுத்த பெரிய ஆர்டரில் கையெழுத்துப் போடும் முன், விமான நிறுவனங்களும் சிவில் விமானப் போக்குவரத்து அமைச்சகமும் ஒன்றாக உட்கார்ந்து, ஏ320 பூட்டும் தொழிற்சாலை, பிராட் எஞ்சின் கூடம் என்ற இந்த இரண்டையும் ஒப்பந்தத்தில் எழுதி வாங்க வேண்டும்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற விமானப் பராமரிப்பு ஊழியர்,
பல்லாவரம், சென்னை.