நன்னடத்தைக்கு மதம் கட்டாயமா?

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

சமயக் கல்வி இல்லாததால்தான் பிள்ளைகள் ஒழுக்கம் கெடுகிறார்கள் என்று அண்மையில் தங்கள் நாளிதழில் ஒரு வாசகர் எழுதியிருந்ததைப் படித்து வருந்தினேன்.

வேலூர்க்காரர்களுக்கு இக்கேள்வி புதிதன்று. ஆண் மருத்துவர் பிரசவம் பார்க்கக் கூடாது என்று குடும்பத்தார் மறுத்ததால், திண்டிவனத்தில் ஒரே இரவில் மூன்று பெண்கள் உயிரிழந்ததைக் கண்டு கலங்கிய ஐடா ஸ்கடர், அமெரிக்காவில் மருத்துவம் படித்துத் திரும்பி, 1900இல் இங்கு ஒற்றைப் படுக்கையுடன் சிகிச்சையைத் தொடங்கினார். அவரைச் செலுத்தியது கிறித்தவ நம்பிக்கை என்பதை நான் மறுக்கவில்லை. ஆனால் அந்த மூன்று குடும்பங்களும் இறைநம்பிக்கை உடையவைதாம். அந்தச் சிறு தொடக்கத்திலிருந்து அவர் உருவாக்கிய சி.எம்.சி. மருத்துவமனையில்தான், கடவுள் மறுப்பை ஊரூராகப் பேசியபடியே பெண்ணுரிமைக்கும் சாதி ஒழிப்புக்கும் உழைத்த பெரியார், 1973 டிசம்பர் 24 அன்று காலமானார். அவரது உழைப்பை அறமன்று என்று எப்படிச் சொல்வது?

என் வீட்டையே சொல்கிறேன். குடியாத்தத்தில் கூலிக்கு நெய்த என் தந்தையார் கோயில் வாசலை மிதித்ததில்லை. கணக்குத் தவறிக் கூடுதலாக வந்த கூலியை அன்று மாலையே சைக்கிளில் சென்று திருப்பித் தந்தவர். தாயாரோ கிருத்திகை தவறாமல் வள்ளிமலைக்குச் சென்றவர். நான் பொய் சொல்லி அகப்பட்டபோது இருவருமே சாமி கண்ணைக் குத்தும் என்று மிரட்டவில்லை, "உன்னிடம் ஒருவர் இப்படிச் சொன்னால் உனக்கு எப்படி இருக்கும்?" என்றுதான் கேட்டார்கள்.

இத்தகைய கேள்விகளை மாணவர்கள் தமக்குள் பேசி விவாதிக்க, பள்ளிகளில் வாரம் ஒரு பாடவேளையை ஒதுக்குமாறு கல்வித் துறையைக் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்,
சத்துவாச்சாரி, வேலூர்.